கார்டு கடன் பாக்கி இருந்தால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். விர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான அனுமதியான சீக்ரெட் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். 2023-ல் வேலை போய் எட்டு மாதம் வருமானமில்லை. அப்போது கட்டாமல் விட்ட இரண்டு கார்டு கடன்கள் (14,000 டாலர், 6,200 டாலர்) கலெக்‌ஷனுக்குப் போய், வசூல் நிறுவனங்கள் கைக்கு மாறிவிட்டன. மூன்றாவது கார்டில் இரண்டு மாத பாக்கி. கையில் பணமில்லை என்று 2023 வரிக் கணக்கையும் தாக்கல் செய்யவில்லை. படிவத்தில் இதையெல்லாம் எழுதினால் வேலை போய்விடுமா?

பதில்: இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிளியரன்ஸ் கிடையாது என்று ஒரு வரம்பு எங்கும் இல்லை. கிளியரன்ஸ் யாருக்குத் தரலாம் என்று தீர்மானிக்கும், 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள சீட்-4 (SEAD 4) விதிகளின் 13 தலைப்புகளில் பண விவகாரம் 'எஃப்' பிரிவில் வருகிறது. கடன் ஏன் வந்தது, வந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற இரண்டையும் அங்கே பார்ப்பார்கள். வேலையிழப்பு, மருத்துவச் செலவு, விவாகரத்து போன்ற கைமீறிய காரணங்களை விதியே ஏற்கிறது; ஆனால் அதன்பின் பொறுப்பாக நடந்துகொண்டிருக்க வேண்டும். உங்களிடம் காரணம் இருக்கிறது, நடவடிக்கைக்குத்தான் சான்று இல்லை.

கார்டுகளைவிட எனக்குக் கவலை தருவது வரிக் கணக்கு. வரி கட்ட முடியாமல் போவது வேறு, கணக்கே கொடுக்காமல் இருப்பது வேறு. அபராதத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும்: கட்டாததற்கு மாதம் அரை சதவீதம், தாக்கல் செய்யாததற்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை. அரசின் ரகசியத்தைக் காக்கப் போகிறவர் அரசின் சட்டத்தையே மதிக்கவில்லை என்றுதான் அதிகாரி இதைப் படிப்பார். இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். முழுத் தொகையும் கட்ட முடியாவிட்டால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் தவணைக்கு விண்ணப்பித்து, கட்டிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். வரித்துறையோடு தவணை பேசி அதன்படி கட்டிவருவதை எஃப் பிரிவு உங்களுக்குச் சாதகமாகவே கணக்கில் எடுக்கும்.

அடுத்தது மூன்றாவது கார்டு. கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26-ம் பிரிவு, கடந்த 7 ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்த கடன்களைக் கேட்கிறது. உங்கள் பாக்கி இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. முதல் சம்பளத்தில் இதை நேர் செய்யுங்கள். கலெக்‌ஷன் கடன் அதற்குப் பிறகுதான்.

அந்த இரண்டு கடன்களுக்கும் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கைகளையும் இலவசமாக எடுத்துப் பாருங்கள். ஒரே கடன் வங்கி பெயரிலும் வசூல் நிறுவனத்தின் பெயரிலும் இரண்டு முறை தெரிவது சகஜம். கடன் இப்போது யார் கையில் என்று எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். 6,200-ஐ முதலில் முடியுங்கள். 14,000-க்கு மாதம் 200 டாலர் தவணையானாலும், தவறாமல் கட்டிய ஆறு மாத ரசீதுக்கு இருக்கும் மதிப்பு, 'வேலை கிடைத்ததும் கட்டுவேன்' என்ற உறுதிமொழிக்குக் கிடையாது. பேரம் பேசிக் குறைத்தால், தள்ளுபடி 600 டாலரோ அதற்கு மேலோ ஆகும்போது தள்ளுபடியான கடனைக் காட்டும் 1099-சி வரிப் படிவம் வரும். பொதுவாக அது வருமானமாகக் கணக்காகும். அதையும் விட்டுவிட்டால் இன்னொரு வரிப் பாக்கி. ஏழு ஆண்டில் அறிக்கையிலிருந்து தானாக உதிர்ந்துவிடும் என்று காத்திருப்பதும் வேண்டாம்; உதிர்ந்த கடனை யாரும் கட்டிய கடனாகப் பார்ப்பதில்லை.

'எல்லா கார்டையும் கட்டாமல் நிறுத்துங்கள், நாங்கள் பேசி முடிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் செட்டில்மென்ட் கம்பெனிகள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். நல்லபடியாக இருக்கும் கார்டும் 120 நாளைத் தாண்டிவிடும். லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை மையம் ஒன்றை அணுகுங்கள். பிரச்சினை கட்டுக்குள் வருவது தெரிந்தால், அங்கே ஆலோசனை பெறுவதே உங்களுக்குச் சாதகமான அம்சம்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். விசாரணையாளர்கள் உங்கள் கிரெடிட் அறிக்கையை நேரடியாக எடுப்பார்கள். கடன் மன்னிக்கப்படலாம், தெரிந்தே பொய் சொன்னால் அது சீட்-4 விதிகளில் நேர்மை பற்றிய 'இ' பிரிவுக்குப் போகும், கூட்டாட்சிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. விளக்கப் பெட்டியில் சுருக்கமாக எழுதுங்கள்: '2023-ல் வேலையிழப்பு, எட்டு மாதம் வருமானமில்லை. இன்ன தேதியில் தவணை ஒப்பந்தம். மாதம் 200 டாலர் கட்டிவருகிறேன்.' ஊரில் உங்கள் பேரில் வீடோ நிலமோ இருந்தால் அதை இதே படிவத்தின் 20ஏ பிரிவில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆட்சேபக் காரணங்களைப் பட்டியலிட்டு கடிதம் வந்தால், அது இறுதி மறுப்பு அல்ல. ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு எழுத்தில் பதில் தர 20 நாள் உண்டு. ஒவ்வொரு கடனுக்கும் ஒப்பந்தம், ரசீது, இப்போதைய பாக்கி மூன்றையும் ஆவணமாக இணைத்து, நேரில் விளக்க விசாரணையும் (ஹியரிங்) கேட்டு அனுப்புங்கள்.