அத்திமரமும் 2028-ம்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தம். பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. சபையில். நான்கு வருடமாகப் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்கும் போகிறேன். சபையில் ஆயிர வருட அரசாட்சி (கிறிஸ்து ஆயிரம் வருடம் ஆளுவார் என்பது, வெளிப்படுத்தல் 20) என்ற பேச்சே வருவதில்லை. கூட்டத்திலோ சார்ட் மாட்டிப் போதிக்கிறார்கள்: இஸ்ரவேல் துளிர்த்தது, அதாவது நாடாக உருவானது 1948, அதோடு சங்கீதம் 90-ல் மனித ஆயுளாக உள்ள எண்பதைக் கூட்டினால் 2028-ல் முடிவு, அதற்கு முன்பே இரகசிய வருகை, அதாவது கிறிஸ்து ரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வது. இதைக் கேட்ட என் தம்பி, "இனி எதுக்குண்ணா படிப்பு?" என்று ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டான். எதை நம்புவது?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள சகோதரரே,

முதலில் 2028. இந்தக் கணக்கு நிற்பது மத்தேயு 24-ல் வரும் அத்திமரத்தின்மேல். அத்திமரம்தான் இஸ்ரவேல் என்கிறார்கள். அதே உவமையை லூக்கா 21:29-ல் வாசியுங்கள்: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடு? மரம் துளிர்த்தால் வசந்தகாலம் சமீபம், அவ்வளவுதான் உவமை. அடுத்தது, இவையெல்லாம் நடக்கும் முன்னே 'இந்தச் சந்ததி' ஒழிந்துபோகாது என்ற வசனத்துக்கு (மத்தேயு 24:34) வருடம் போடுவது. முதலில் 40 என்று வைத்து 1988 என்றார்கள். அது கடந்ததும் 70, இப்போது 80. வசனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எண்தான் நீண்டுகொண்டே போகிறது.

சார்ட்டில் ஏழு வருட உபத்திரவம் (முடிவுக்கு முன் வரும் பெருந்துன்பம்) என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்த 'ஏழு வருஷம்' வெளிப்படுத்தின விசேஷத்தில் எங்கேயும் கிடையாது. இருப்பது 42 மாதம் (11:2, 13:5), 1260 நாள் (11:3, 12:6). மாதத்துக்கு 30 நாள் வைத்தால் இரண்டும் ஒரே அளவு, மூன்றரை வருடம். ஏழு வருவது தானியேல் 9-ல் உள்ள 70 வாரத்தில் கடைசி வாரத்திலிருந்து (9:27); ஒரு வாரம் ஏழு வருடம் என்று கணக்கு. 69 வாரம் கிறிஸ்துவோடு முடிந்தது, 70-ஆவது இன்னும் தொடங்கவில்லை என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டால்தான் அது எதிர்காலத்துக்கு வரும். அந்த இடைவெளி வசனத்தில் இல்லை; ஒட்டிச் சேர்த்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரதரன் சபைப் போதகர் ஜான் நெல்சன் டார்பி போதித்த வரிசை இது. 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதைப் பரப்பியது.

இரகசிய வருகைக்கு 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனத்தில் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? 17-ல் "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" என்று இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லே பத்துக் கன்னிகைகள் உவமையிலும் (மத்தேயு 25:6), ரோமாபுரிச் சகோதரர்கள் மூன்று சத்திரம் வரைக்கும் வந்து பவுலைச் சந்திக்கும் இடத்திலும் (அப்போஸ்தலர் 28:15) வருகிறது. வந்தவர்கள் பவுலோடு ரோமாபுரிக்குத்தான் போனார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையோடு அப்படியே வேறு ஊருக்குப் போய்விடுவார்களா? மேளத்தோடு உள்ளே அழைத்து வருவார்கள். வருகை ஒன்றே என்று நான் உறுதியாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

உங்கள் சபையின் மௌனத்துக்கும் வரலாறு உண்டு. உங்கள் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளுக்கு வேர், 1853-ல் அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன். அது டச்சு சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. பழங்காலச் சபைப் போதகர் அகஸ்டினைப் பின்பற்றி, ஆயிரம் வருடத்தைச் சபையின் காலமாகவே வாசிப்பது அந்த மரபில் வழக்கம். ஆம்பூர்ப் பக்கம் லுத்தரன் சபைகள் ஏற்கும் 1530-ஆம் வருட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், மரித்தோர் உயிர்த்தெழுவதற்கு முன்பே பரிசுத்தவான்கள் உலகத்தை ஆளுவார்கள் என்ற போதனையைத் தன் 17-ஆம் பிரிவில் தள்ளிவிடுகிறது.

ஆனால் இந்த வாசிப்பிலும் ஒட்டு உண்டு. வெளிப்படுத்தல் 20:4-ல் "உயிர்த்து", 5-ல் "உயிரடையவில்லை". கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். முதலாவது ஆவிக்குரிய உயிர், இரண்டாவது சரீர உயிர் என்று அடுத்தடுத்த வசனத்தில் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் வருகைக்குப் பிறகே ஆயிரம் வருடம் என்று வாசிக்கிறேன். எனக்கும் ஒரு முடிச்சு மிஞ்சுகிறது: 19:21-ல் மற்றவர்கள் எல்லாரும் கொல்லப்பட்டால், 20:8-ல் சாத்தான் மோசம்போக்கும் ஜாதிகள் எங்கிருந்து வந்தார்கள்?

உங்கள் கூட்டத்தில் சார்ட்டைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, வசனத்தில் அப்படியே உள்ளதை இடப்பக்கம், சேர்த்து ஒட்டியதை வலப்பக்கம் எழுதுங்கள். முதலில் வெளிப்படுத்தல் 20-ஐ மட்டும் எடுங்கள். 2 முதல் 7 வரை 'ஆயிரம் வருஷம்' ஆறு தடவை வரும். எருசலேம் தேவாலயமோ இஸ்ரவேல் என்ற பெயரோ அந்த அதிகாரத்தில் ஒரு தடவைகூட வராது.

தம்பியிடம் தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தை வாசிக்கக் கொடுங்கள், மூன்றே அதிகாரம். கிறிஸ்துவின் நாள் வந்துவிட்டது என்ற பேச்சில் அந்தச் சபையே கலங்கியிருந்தது (2:2). வேலை செய்யாமல் திரிந்த சிலருக்கு அதே நிருபத்தில் பவுல் கட்டளையிட்டது, "அமைதலோடே வேலைசெய்து" சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்பது (3:12). ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று இன்றே பாருங்கள்.