கேமை அனிமே ஆக்க வேண்டும் என்கிறான் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் 2 படிக்கும் மகன், தான் ஆடும் மாயாஜால ரோல்-பிளேயிங் கேமை (கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கேம்) ஜப்பானிய அனிமே, அதாவது அனிமேஷன், தொடராக எடுப்பதுதான் தன் தொழில் என்கிறான். இதற்குப் படிப்பு உண்டா, இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி மையம் ஒன்று சில லட்சம் கட்டணம் சொல்லி, இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறதாம். முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் ஓடிப்போகும் தள்ளுபடியை நம்பிப் பிள்ளையின் நான்கு ஆண்டுகளை முடிவு செய்யக் கூடாது.

படிப்பு உண்டு. சோறு போடுமா என்பது, அவன் எந்த வேலையைச் சொல்கிறான் என்பதைப் பொறுத்தது. ‘கேமை அனிமே ஆக்குவது’ என்று அவன் ஒரே மூச்சில் சொல்வதற்குள் பத்துப் பன்னிரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தேவையான திறமை இன்னொன்றுக்கு உதவாது.

நீங்கள் அனிமே பார்ப்பதில்லை என்று எழுதியிருப்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். அட்லஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 2008இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட கேம் பெர்சோனா 4. நகரத்துப் பள்ளி மாணவன் ஒருவன் ஓராண்டு மாமா வீட்டில் தங்கிப் படிக்க இனாபா என்ற சிற்றூருக்கு வருகிறான். ஊரில் மர்மக் கொலைகள் நடக்கின்றன. தொலைக்காட்சித் திரைக்குள் இன்னோர் உலகம் இருக்கிறது. பகலில் பள்ளியும் நட்பும், பிறகு அந்த உலகத்தில் அரக்கர்களோடு சண்டை என்று நாள்காட்டியின் ஒவ்வொரு தேதியாகக் கதை நகர்கிறது. ஆடி முடிக்க 70 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதை 2011 அக்டோபரில் சேய்ஜி கிஷி இயக்கத்தில் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். 25 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. கேமின் உண்மையான முடிவைச் சொல்லும் கூடுதல் அத்தியாயம் ஒன்று பிறகு வட்டில் வந்தது. தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, விளம்பரம் போக வாரத்துக்குக் கதைக்கு மிஞ்சுவது 20 நிமிடச் சொச்சம். எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் ஒன்பது மணி நேரம்தான் தேறும். எழுபதை ஒன்பதாக்க எதை வெட்டுவது? ஆடுகிறவர் மணிக்கணக்கில் சண்டை போட்டுத் தன் பாத்திரத்தின் பலத்தை ஏற்றிக்கொள்வார். திரையில் அதை இரண்டாவது முறை காட்டினாலே பார்ப்பவர் எழுந்து போய்விடுவார்.

அதைவிடச் சிக்கல் கதாநாயகன்தான். கேமில் அவனுக்கு நிலையான பெயர் கிடையாது. ஆடுகிறவர் வைப்பதுதான் பெயர். பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திரையில் தோன்றும் இரண்டு மூன்று பதில்களில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊமையான ஒருவனை வைத்துத் தொடர் எடுக்க முடியுமா? அனிமேயில் அவனுக்கு யூ நருகாமி என்று பெயர் வைத்தார்கள். கேமில் இருந்த விளையாட்டுத்தனமான பதில்களை எடுத்து, முகத்தில் சலனமே இல்லாமல் வேடிக்கையாகப் பேசும் குணமாக அவனுக்குக் கொடுத்தார்கள். அத்தியாயத்தின் நடுவே விளம்பர இடைவேளைக்கு வரும் அட்டையில் அறிவு, தைரியம், விடாமுயற்சி போன்ற அவனுடைய ஐந்து குணங்களின் அளவு கேமில் உள்ளது போலவே தெரியும். கதை நகர நகர அது ஏறிக்கொண்டே போகும். சில நொடிதான் வரும். ஆடியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆடாதவர்களுக்கு அது தடங்கலாக இல்லை. எழுதத் தெரிந்த மூளை எங்கே வேலை செய்கிறது என்பது இதில் தெரிகிறது.

எல்லாரும் இப்படி மூலத்தை ஒட்டியே போவதில்லை. 2015இல் வந்த டேல்ஸ் ஆஃப் செஸ்டீரியா கேமில் அலீஷா என்ற இளவரசிப் பாத்திரம் பாதியிலேயே ஒதுங்கிவிட்டதில் ஜப்பானிய ரசிகர்களுக்கு மனத்தாங்கல். அடுத்த ஆண்டு யூஃபோடேபிள் ஸ்டூடியோ அதை அனிமே ஆக்கியபோது அவளுக்குப் பெரிய இடம் கொடுத்துக் கதையையே மாற்றியது. இயக்கியவர் ஹருவோ சொடோசாகி. டீமன் ஸ்லேயர் என்ற புகழ்பெற்ற அனிமே தொடரை இயக்குபவரும் இவரே; அந்த வரிசையின் படம் 2025இல் தமிழ்க் குரலோடு நம்மூர்த் திரையரங்குகளுக்கும் வந்தது. உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் சொல்வான்.

இனி வேலைகள். தொடரின் மொத்தக் கதையை அத்தியாயங்களாகப் பிரிப்பவர் ஒருவர். வசனம் எழுதுபவர்கள் வேறு. அதை ஷாட் ஷாட்டாக வரையும் ஸ்டோரிபோர்டுக் கலைஞர் வேறு. கேமின் முப்பரிமாண உருவத்தைப் பலர் கையால் திரும்பத் திரும்ப வரையக்கூடிய எளிய கோடுகளாக்குவது கேரக்டர் டிசைனரின் பொறுப்பு. முக்கிய அசைவுகளை வரைபவர், இடைப்பட்ட அசைவுகளை நிரப்புபவர், பின்னணி ஓவியர், வண்ணம் பூசுபவர், எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து ஒளியும் புகையும் ஊட்டுபவர், ஒலி அமைப்பவர் என்று வரிசை நீளும். இவர்களை விரட்டி வேலை வாங்கி, படத்தாள்களைக் கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்க்கத் தயாரிப்பு உதவியாளர் என்று ஒரு பாவப்பட்ட பிறவியும் உண்டு.

ஊதியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் புதிதாகச் சேர்கிறவர் பெரும்பாலும் இடைப்பட்ட அசைவுகளை வரைவதில்தான் தொடங்குவார். ஒரு தாளுக்குக் கூலி 200 யென் சுற்றித்தான் பேசப்படுகிறது. டோக்கியோ வாடகைக்கு அது எட்டாது. கேமை உருவாக்கிய நிறுவனம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர் எனப் பலர் சேர்ந்த தயாரிப்புக் குழு பணம் போடுகிறது, லாபமும் அவர்களுக்கே. வரைகிற ஸ்டூடியோ அதில் பங்குதாரராக இல்லாவிட்டால், தொடர் எவ்வளவு ஓடினாலும் ஒப்பந்தத் தொகையோடு சரி. நம் நாட்டிலும் எச்சரிக்கை தேவை: 2025 தொடக்கத்தில் பன்னாட்டு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் ஒன்று இழுத்து மூடப்பட்டபோது பெங்களூரில் ஏராளமானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

ஆகவே அவனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். தனக்குப் பிடித்த கேமில் ஏதாவது ஒரு மணி நேரப் பகுதியை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அதை மூன்று நிமிடக் காட்சியாகச் சுருக்கி, முதலில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். பிறகு அதையே இரண்டு பக்கம் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். வரைவது அழகாக இருக்க வேண்டியதில்லை. யார் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்பது புரிந்தால் போதும். கேமே ஆடாத நீங்கள் அதைப் படித்துக் கதை புரிகிறதா என்று சொல்லுங்கள். இந்த வேலைக்கு உங்களைவிடச் சிறந்த தேர்வாளர் கிடையாது. எழுத்துப் பக்கங்களை ஆசையாகத் திருத்தித் திருத்தி எழுதினால் ஒரு வழி; கட்டங்களிலேயே மூழ்கிப்போனால் வேறு வழி. நான்கு பக்கமும் மூன்று வாரத்தில் முடியவில்லை என்றால் அவனுக்குப் பிடித்தது கேம் ஆடுவது மட்டும்தான். அதில் தவறில்லை, ஆனால் அதற்குக் கல்லூரி தேவையில்லை.

வரைபவன் என்று தெரிந்தால்: அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் திரைப்பட வடிவமைப்புக்கென்றே இளநிலைப் படிப்பு இருக்கிறது. மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளிக்கு யுசீட் தேர்வு. பிளஸ் 2இல் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். இரண்டுமே கடும் போட்டி. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் அனிமேஷன் படிப்பையும், சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளையும் விண்ணப்பப் பட்டியலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். மனித உடலைப் பார்த்து வரைகிற பழக்கத்தைக் கவின்கலைக் கல்லூரி தருவதுபோல எந்த மென்பொருள் வகுப்பும் தராது என்பது என் கருத்து. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும், கையை யாரும் மாற்ற முடியாது.

எழுதுபவன் என்றால் அனிமேஷன் படிப்பே வேண்டாம். தமிழோ ஆங்கிலமோ காட்சித் தகவலியலோ (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கட்டும். அனிமே தொடர்கள் இப்போது தமிழில் மொழிமாற்றமாகி வருகின்றன. வாயசைப்புக்குப் பொருந்தத் தமிழ் வசனம் எழுதுவதற்குக் காது வேண்டும். இந்தத் துறைக்குள் நுழைய நம்மூரிலேயே இருக்கும் வாசல் அது.

ஜப்பான் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் மொழி தெரியாமல் போய் நிற்க முடியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள் கொண்டது, சென்னையிலேயே எழுதலாம். வேலைக்குப் போக என்2 அளவாவது இருந்தால்தான் பேச்சு. கல்லூரியோடு சேர்த்துப் படித்தால் நான்கு ஆண்டில் அந்தப் படியை எட்டலாம். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இளநிலைப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இரண்டிலும் முதல் ஓராண்டு மொழிப் பயிற்சி. தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் குறைவு, முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. கடன் வாங்கி அனுப்புவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கேமை அடியோடு நிறுத்திவிடலாமா என்று அவன் அப்பா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பொதுத்தேர்வு முடியும் வரை ஞாயிறு மாலை மட்டும் ஆடட்டும், பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும். எந்தக் காட்சியில் தனக்கு அலுத்தது, ஏன் என்று அதில் குறித்து வைத்தால் வீட்டுப்பாடத்துக்கு உதவும். விடுமுறையில் அந்த நோட்டையும் நான்கு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு அவனையும் அவன் அப்பாவையும் வரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு வந்தால் போதும்.