மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்றால் யார்தான் நேர்மையாக இருப்பார்கள்?

‘கைஜீஸின் மோதிரம்’ கதை என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில், இரண்டாம் புத்தகத்தில் அவருடைய சகோதரர் கிளாக்கன் சொல்லும் கதை. பூகம்பத்தில் பிளந்த நிலத்துக்குள் லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவனுக்குத் தங்க மோதிரம் கிடைக்கிறது. கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அப்புறம் என்ன, ராணியை வளைத்து, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். (கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கைஜீஸ் கதையில் மோதிரமே இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள், தெரியும்.)

இதைப் படித்துவிட்டு ‘அப்போ எல்லாருமே பயத்தில்தான் நல்லவர்களா?’ என்று குழம்பியிருப்பீர்கள். ஆனால் அடுத்து வருவதுதான் விஷயம். அநியாயக்காரனுக்கு உத்தமன் என்ற பெயர், நியாயவானுக்கு அயோக்கியன் என்ற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நியாயவானைச் சாட்டையால் அடித்து, கண்ணைப் பொசுக்கி, கழுவில் ஏற்றுகிறார்கள். அப்போதும் நியாயம்தான் லாபமா என்கிறார் கிளாக்கன்.

கழு இல்லை, ஆனால் மீதியில் எனக்கு அனுபவம் உண்டு. ஜவுளிக்கடை குடோனில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஓடவில்லை என்பது லோடு இறக்குபவர் வரை எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டுப் பட்டுச்சேலை கணக்கில் குறைந்தது. சாவி என்னிடம், அதனால் சம்பளத்தில் பிடித்தார்கள். திருடன் என்று யாரும் நேரே சொல்லவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது டிபன் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். எடுத்தவர் யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. தீபாவளிக்கு அவருக்குத்தான் கூடுதல் போனஸ்.

“பேர் கெட்டாச்சு, இனி எடுத்தா என்ன?” என்றார் கூட வேலை பார்த்தவர். கணக்கு சரிதான். ஆனாலும் எடுக்கவில்லை. பயம் என்பீர்கள். எதற்கு? கேமரா அப்போதும் ஓடவில்லை.

நியாயம் மனதின் ஆரோக்கியம், அறிவும் ரோஷமும் ஆசையும் தத்தம் வேலையைப் பார்ப்பது என்று அதே நூலில் கிளாக்கனுக்குப் பதில் சொல்கிறார் சாக்ரட்டீஸ். கொடுங்கோலனைவிட நல்ல அரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று ஒன்பதாம் புத்தகத்தில் கணக்கே போடுகிறார். அந்த 729 எனக்கு ஒட்டவில்லை. ரோஷம் ஒட்டியது. பையைத் திறந்தால் உள்ளே ரசம் டப்பா மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற வீம்பு.

தியாகி வேஷம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தினார்கள். எங்கள் கடைக்கு வந்தது புதுக் கேமராக்கள். சேல்ஸ் பெண்கள் நாள் முழுக்க நின்றபடிதான். கேட்டால், உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம்.