கோலார் தங்கவயல்: சங்கம் வைத்ததா குற்றம்?

கேள்வி: கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டதற்கு அங்கிருந்த தொழிற்சங்கங்களின் அரசியல்தானே காரணம்? நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கத்தையே தோண்டியும் ஏழைகளாகவே இருந்தவர்களுக்காக இன்னும் எத்தனை காலம் அனுதாபப்படுவது?
- வாசகர் ஒருவர், ஓசூர்

பதில்: முதலில் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்வோம். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இன்றைய கர்நாடகத்தில் உள்ள தங்கவயலில் கால் வைத்தது 1880இல். மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததோ 1940களில்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில்தான் அந்தச் சுரங்கம் மிகச் செழிப்பாகத் தங்கம் தந்தது. பங்குதாரர்களுக்கான லாபமும் தவறாமல் லண்டனுக்குக் கப்பலேறியது. அப்போது அங்கே கொடியும் இல்லை, சங்க அலுவலகமும் இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், மூங்கில் தட்டி வைத்து அடைத்த ஒற்றை அறைகளில் குடும்பம் நடத்தினார்கள். சங்கம்தான் அவர்களை ஏழையாக்கியது என்றால், சங்கமே இல்லாத அந்த அறுபது ஆண்டுகளில் அவர்கள் எப்படி ஏழைகளாக இருந்தார்கள் என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அது 1905இல்தான் வந்தது. சுரங்கத்துக்கு அவ்வளவு விரைவாக மின்சாரம் கிடைத்த அதே ஊரில், மனிதர்கள் கையால் அள்ளிச் சுத்தம் செய்த உலர் கழிப்பிடங்கள் அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்தும் இருந்தன. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை எதிர்த்துப் போராடி 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் அந்த வேலையையே செய்துவந்த குடும்பத்தில், அந்த ஊரில்தான் பிறந்தார். பணம் இல்லாததால் நேர்ந்த குறை என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்காகச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளி இல்லை என்பதே காரணம்.

பூமிக்கடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தங்கம் கலந்த வெண்கல் பாறையைத் துளையிடும்போது கிளம்பும் நுண்ணிய தூசு நுரையீரலில் படிந்து, சில ஆண்டுகளில் அதைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்ததில் 43.7 சதவீதத்தினருக்கு அது இருப்பது தெரியவந்தது. இந்த ஆய்வு நடந்த ஆண்டுகளும் அங்கே சங்கம் வேர்விட்ட ஆண்டுகளும் ஒன்றே. இருமிக்கொண்டே கூண்டில் ஏறி ஆழத்துக்கு இறங்கியவர்கள் சங்கம் வைத்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

அவர்களுடைய அரசியலும் கட்சிக்காரர்கள் வெளியிலிருந்து கொண்டுபோய் இறக்கியது அல்ல. தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்துக்குத் தங்கவயலின் ஒரு பகுதியான மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய எழுத்துகளை நூலாக்கிக் காத்த சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலுடையது. 1930இல், கைரேகை பதித்தால்தான் வேலை என்று நிர்வாகம் சொன்னபோது, குற்றவாளிகளைப் போல் எங்களை நடத்தாதே என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பின்னர் தங்கவயல் தொகுதி கம்யூனிஸ்டுகளையும் அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சியினரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது; அண்ணா தி.மு.க.வும் அங்கே வென்றிருக்கிறது. சங்கங்கள் பலவாகப் பிரிந்து ஒன்றையொன்று பலவீனப்படுத்தியது உண்மை, அதை நான் மறைக்கவில்லை.

இனி மூடியதற்கு வருவோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது; அந்த ஆழத்தில் காற்றைக் குளிர்விக்கவும் அழுத்தத்தால் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதைச் சமாளிக்கவும் ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு டன் பாறையில் தொடக்கத்தில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. இவற்றில் எதைச் சங்கத்தின் மேல் எழுதுவது? இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்குக் கோபம் தருவது. அரசுடைமையான பிறகு பல ஆண்டுகள், வெட்டியெடுத்த தங்கத்தை வெளிச்சந்தையில் விற்க நிர்வாகத்துக்கு அனுமதி இல்லை. சந்தை விலையைவிட மிகக் குறைவாக இருந்த சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு மத்திய அரசே எடுத்துக்கொண்டது. அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, நிறுவனம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று ஏட்டில் எழுதினால், அந்த நஷ்டத்துக்கு வாங்கியவர் பொறுப்பா, பாறை உடைத்தவர் பொறுப்பா?

2001இல், சுரங்கத்தை நடத்திவந்த மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 1960களில் வந்த பி.இ.எம்.எல். என்ற பொதுத்துறைத் தொழிற்சாலையைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படியான மாற்றுத் தொழில் எதையும் அந்த ஊரில் எவரும் வளரவிட்டிருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்று விடியலுக்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் காவலாளியாகவும் கட்டட வேலையாளாகவும் கடைப் பணியாளராகவும் உழைத்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்தைத் திறப்போம் என்ற வாக்குறுதியோ தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது.

தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகளாக நிற்கிறது; அவற்றில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேட்டுத் தூசைச் சுவாசித்தவர்கள் இந்தத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வருமானத்தில் முதல் பங்கு, நுரையீரல் கெட்ட பழைய தொழிலாளிகளின் மருத்துவத்துக்கும் அந்த ஊரின் குடிநீருக்கும் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஓசூர் அங்கிருந்து தூரமில்லை. உங்கள் அனுதாபத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், இந்தக் கோரிக்கையில் கையெழுத்திடுங்கள்.