டி-ஷர்ட் போட்டால் மாத்திரை வருமா?

கேள்வி: எய்ட்ஸ், காசநோய், குழந்தைகள் பட்டினி என்று உலகம் பூராவும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கோஷம் போடுகிறார்களே, அதனால் ஒரு நோயாளிக்காவது மாத்திரை கிடைத்திருக்கிறதா? (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: டி-ஷர்ட் என்றால் அவ்வளவு இளக்காரமா? கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைக் கண்டால் மட்டும் எழுந்து நின்று கும்பிடுவீர்கள். இதை எழுதி எழுதி நான் வாங்காத வசவு இல்லை. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறேன்.

1998 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் குகு டிலாமினி என்ற பெண்ணை அடித்தே கொன்றார்கள். எச்.ஐ.வி. இருப்பதை ஊரறியச் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். அதே மாதம் பிறந்த டி.ஏ.சி. என்ற சிகிச்சை இயக்கத்தார், ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நோய் இருந்தவரும் போட்டார், இல்லாதவரும் போட்டார். இப்போது யாரை அடிப்பாய்? 2002-ல் மண்டேலாவே போட்டுக்கொண்டார்.

மாத்திரைக்கு வருகிறேன். அன்று எச்.ஐ.வி. மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. மலிவு மருந்துக்கு வழிவிடும் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் தென்னாப்பிரிக்க அரசின் மேல் வழக்குப் போட்டிருந்தன. 2001 பிப்ரவரியில் மும்பை மருந்துக் கம்பெனி சிப்லா, ‘ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன்’ என்றது. கோர்ட்டுக்கு வெளியே கூட்டம், உலகமெங்கும் கண்டனம். ஏப்ரலில் வழக்கு வாபஸ்.

அதற்கப்புறம் அரசாங்கமே குறுக்கே நின்றது. சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் சாப்பிடச் சொன்னார். 2006-ல் டொரன்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்க ஸ்டாலில் அவற்றையே கடை பரப்பினார்கள். ‘டாக்டர் பீட்ரூட்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. எனக்கும் பீட்ரூட்டுக்கும் நெடுநாள் பகை. பந்தியில் ‘வேண்டாம்’ என்று கை மறிப்பதற்குள் இலையில் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் சும்மா கிடக்காது. நம்மூர்க் கட்சிக்காரர் காலி மனையைப் பார்த்த மாதிரி அவியலை ஆக்கிரமித்து, அப்பளத்தை வளைத்து, தயிர் சாதம்வரை தன் கலர் அடித்துவிடும். எச்.ஐ.வி. மட்டும்தான் அதற்கு மசியவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும்படி 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டது உங்கள் டி-ஷர்ட் கூட்டம்தான்.

காசநோயா? கேப்டவுன் கயலிட்சாவின் ஃபுமேசா டிசிலே, மும்பையின் நந்திதா வெங்கடேசன் இருவருக்கும் பழைய ஊசி மருந்தால் காது போனது. அந்த ஊசிக்குப் பதிலாக வந்த பெடாகுலின் மாத்திரைக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் இன்னும் நாலு வருஷம் காப்புரிமை கேட்டபோது, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டவர்கள் இவர்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் மனு தள்ளுபடி. மற்றவர்களும் மலிவாகச் செய்து விற்க வழி திறந்தது.

பட்டினி கதை உங்கள் ஊருக்கே நெருக்கம். எலும்பும் தோலுமான குழந்தைகளுக்குத் தரும் ‘பிளம்பி நட்’ பாக்கெட்டில் இருப்பது நிலக்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் சத்துப்பொடி. இதற்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி காப்புரிமை வாங்கி வைத்திருந்தது! அதை எதிர்த்து இரண்டு அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் கோர்ட் படி ஏறின. 2020-ல் உங்கள் கடலைமிட்டாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு அப்படியல்ல, பெயரை மட்டும்தான் காக்கும். கடலையில் வெல்லப்பாகை யாரும் ஊற்றலாம். ஊற்றுகிறார்களே! சென்னையில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கிற சாமானைக் கடிக்கப் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு யாராவது டி-ஷர்ட் அச்சடித்தால் எனக்கு எக்ஸ்எல் சைஸில் ஒன்று.