கேள்வி – பதில்: கொரியாவிலிருந்து வந்த கஷாயப் பெட்டி

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சலரோகம், பிரஷர் இரண்டும் இருக்கிறது. இதயம் பலவீனம், சிறுநீரகமும் குறைவாக வேலை செய்கிறது என்று கிளினிக்கில் சொல்லி, தண்ணீர் போகிற குளிசை கொடுத்திருக்கிறார்கள். தம்பி கொரியாவில் வேலை. அங்கே ஒரு மூலிகை வைத்தியரிடம் சொல்லி ஒரு பெட்டி நிறையக் கஷாயப் பைக்கற் அனுப்பியிருக்கிறான், கால் வீக்கத்துக்கு நல்லதாம். கொடுக்கலாமா?
– ஒரு மகள், உப்புவெளி

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. பெட்டியை எறியவும் வேண்டாம். முதலில் தம்பிக்கு போன் எடுத்து, அந்த வைத்தியர் சேர்த்த சரக்குகளின் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கொரியாவில் மரபு வைத்தியம் என்பது ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, அரச அனுமதி எடுத்துச் செய்கிற தொழில், ஆகவே கேட்டால் பட்டியல் கிடைக்கும். ஆனால் அவர் அம்மாவின் நாடியும் பார்க்கவில்லை, இரத்த ரிப்போர்ட்டும் பார்க்கவில்லை, மகன் சொன்னதை மட்டும் கேட்டுக் காய்ச்சியிருக்கிறார். எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

வீக்கத்துக்கு அங்கே வழக்கமாகக் கொடுப்பது ‘ஒரியோங்சான்’. ஐந்து சரக்கு: ஒரு நீர்த்தாவரத்தின் கிழங்கு, மர வேரில் வளரும் இரண்டு வகைக் காளான், ஒரு வேர்த்தண்டு, அப்புறம் நம்ம கறுவாவின் இனத்துப் பட்டை ஒன்று. சீனாவிலிருந்து போய்ப் பல நூற்றாண்டாக அங்கே புழங்குவது. அரச வைத்தியர் ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சான கொரிய வைத்திய நூல் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, பாரம்பரியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினினை அந்தக் காலத்தில் பார்க்க வழியில்லை. இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்த நிலையில் ஒரியோங்சான் என்ன செய்கிறது என்பது பெரும்பாலும் எலிகளில் பார்த்த ஆய்வுதான்.

அம்மா ஏற்கெனவே நீர் இறக்கும் குளிசை எடுக்கிறார். அதன்மேல் இன்னொரு நீர் இறக்கி சேர்ந்தால் உடம்பு வறண்டு, சிறுநீரகம் இன்னும் கீழே போகலாம். அதைவிட எனக்குப் பயம் அதிமதுரத்தில். எங்கும் தலைகாட்டுகிற ஆளை ‘மருந்துக்கடை அதிமதுரம்’ என்று கொரியர்களே கேலி செய்வார்கள், அவ்வளவு மருந்துகளில் அது சேர்கிறது, அம்மாவின் பைக்கற்றிலும் இருக்கலாம். நாளாந்தம் உள்ளே போனால் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். தண்ணீர் போகிற குளிசைகள் பலவும் பொட்டாசியத்தைத்தான் இறக்குகின்றன, இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வீக்கத்துக்கான வேறு சில கொரியக் கஷாயங்களில் நாவி இனத்துக் கிழங்கும் சேரும். சுத்தி செய்துதான் போடுவார்கள், ஆனால் சுத்தி பிழைத்தால் அது இதயத்துக்கு நஞ்சு.

பட்டியல் வந்ததும் கிளினிக் கொப்பிக்குள் வைத்து டொக்டரிடம் காட்டுங்கள். அதுவரை காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முன், அம்மாவின் எடையைப் பார்த்து அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: வாப்பா இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுக்கிறார். கொரியச் செஞ்ஜின்செங் வேர் கொடுத்தால் தெம்பு வருமா?
– கிண்ணியா வாசகர்

ஜின்செங் வோபரினின் வேலையைக் குறைக்கலாம், இரத்தக் கட்டி வரும் ஆபத்து கூடும். டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: கொரிய மருந்தை விடுங்கள், நம்ம ஊர் மூலிகை என்றால் பயமில்லைதானே?
– ஒரு வாசகர், மூதூர்

சிறுநீரகத்துக்கு ஊர் பேதம் தெரியாது, ஐயா. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியக் கொடுத்த குளிசையில், பெயர் ஒத்த இரு சீன மூலிகைகள் மாறிப்போய், நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. தவறிச் சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா இனம், அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நம்ம ஈச்சுரமூலியும் அதே இனம்தான், அதே அமிலம் அதிலும் இருக்கிறது, சலப்பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். கஷாயத்துக்கு இடித்துப் போட்ட பிறகு எது என்ன வேர் என்று யார் கண்டுபிடிப்பது? நம்ம திருகோணமலை மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயோடு எத்தனை குடும்பம் கஷ்டப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் படித்துப் பட்டம் எடுத்தவரிடம் போங்கள், கிரியேட்டினின் ரிப்போர்ட்டை நீங்களே முதலில் நீட்டுங்கள்.