டீசலுக்குள் பெற்றோல் கலந்தால் அடி நிற்குமா?

புத்தூரிலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "என்னுடைய பழைய லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை தள்ளி, டக் டக் என்று அடிக்கிறது. சூடானதும் அடங்கிவிடும். டீசலுக்குள் கொஞ்சம் பெற்றோல் விடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். விடலாமா?"

விட வேண்டாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. ஆனால் அவை பிளக் பொறியால் பற்றும் இஞ்சின்கள். டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை 15 முதல் 22 மடங்கு வரை நெருக்க, அதன் சூடு 500 பாகை செல்சியசைத் தாண்டும். அதற்குள் நொசில் விசிறும் டீசல் தானாகவே பற்ற வேண்டும்.

விசிறிய உடனே அது பற்றாது. ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி சுணங்கும். அந்த இடைவெளியில் சேர்ந்த டீசல் ஒரேயடியாகப் பற்றுவதுதான் நீங்கள் கேட்கும் 'டக்'. எரியாமல் வெளியேறும் டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. டீசல் எவ்வளவு விரைவாகத் தானே பற்றும் என்பதைக் காட்டுவது சீட்டேன் எண்; சுணக்கம் குறைந்த டீசலுக்கு அந்த எண் அதிகம். பெற்றோலின் ஒக்டேன் இதற்கு நேர் எதிர், தானாகப் பற்றாமல் தாங்கி நிற்கும் குணம் அது. ஆகவே பெற்றோல் விட்டால் அடி கூடத்தான் செய்யும். அதைவிட, டாங்கிக்குள் பெற்றோல் ஆவி நிற்கும், ஒரு சிறு நெருப்பு போதும். தயவுசெய்து இந்த வேலை வேண்டாம்.

எவ்வளவு சீட்டேன் வேண்டும் என்பதை இஞ்சினின் வேகம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், டீசல் சுணங்கும் அந்த ஒரு மில்லி விநாடியில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 12 பாகை திரும்பிவிடும். 4000 சுற்றில் 24 பாகை. 100 சுற்று ஓடும் கப்பல் இஞ்சினில் 0.6 பாகைதான், அதனால் அது தார் போன்ற எண்ணெயைக்கூட எரித்துவிடும். வேகமாக ஓடும் கார், வான் இஞ்சின்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஐரோப்பியத் தரம் குறைந்தது 51 கேட்கிறது, அமெரிக்கத் தரம் 40. காமன் ரெயில் இஞ்சின்கள் (எல்லா நொசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இஞ்சின்கள்) முதலில் சிறிதளவு டீசலை விசிறிப் பற்றவைத்துவிட்டு மிச்சத்தை விடுவதால்தான் அவற்றில் சத்தம் குறைவு.

சரி, உங்கள் இஞ்சினுக்கு வருவோம். பிஸ்டன் ரிங் தேய்ந்தோ வால்வு சரியாக அமராமலோ காற்று கசிந்தால் நெருக்கும்போது சூடு ஏறாது, நல்ல டீசலும் சுணங்கும். சூடானதும் அடி நிற்கிறது என்பதால் என் சந்தேகம் முதலில் இதில்தான். டீசல் பிழை என்றால் புதிதாக டீசல் அடித்த நாளில் தொடங்கியிருக்கும்.

டீசலை மூடிவிட்டு, டிகம்பிரஷன் லீவரை (நெருக்கத்தைத் தளர்த்தும் பிடியை) தொடாமல் ஹாண்டிலை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி, ஸ்பிரிங் போல உங்கள் கையைத் திருப்பித் தள்ள வேண்டும். 'புஸ்' என்று தளர்ந்து போனால் கசிவு இருக்கிறது. இறுக்கம் நன்றாக இருந்தால் நொசிலைக் கழற்றி, டீசல் பம்ப் திருத்தும் கடையில் சோதிக்கக் கொடுங்கள். பனிபோல விசிற வேண்டும், முனையில் சொட்டு நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்க்காமல் சீட்டேன் கூட்டும் மருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். இஞ்சின் கேட்பதற்கு மேல் சீட்டேன் கொடுத்தாலும் இழுவை அதிகரிக்காது.

பம்புக்கு அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுத்து டைமிங்கை, அதாவது டீசல் விசிறும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். முன்கூட்டி விசிறினால் காற்று இன்னும் போதிய சூடேறியிருக்காது, சுணக்கம் நீண்டு அடி இன்னும் பலமாக விழும்.